எண்பது சதவீதம் என்னும் மூடநம்பிக்கை

பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலும் சரி, மேற்குத் தாம்பரத்துச் செல்போன் கடைகளிலும் சரி, பழைய டேப்லெட் ஒன்று கைமாறும்போது முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “ஹெல்த் எவ்வளவு?” விற்பவர் தன் போனில் இருக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார். 91 என்றிருந்தால் பேரம் தொடங்கும். 78 என்றிருந்தால் வாங்க வந்தவர் டேப்பை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்த டேப்பை ஆன் செய்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருப்பாரா என்றால், மாட்டார். எண்ணே தீர்ப்பு.

எண்பதுக்குக் கீழே போன பேட்டரி செத்த பேட்டரி, செத்த பேட்டரி உள்ள டேப் செத்த டேப் என்பது இன்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். மாடம்பாக்கத்தில் பிள்ளைக்கு டேப் தேடும் தகப்பனும் இதைச் சொல்கிறார், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனரும் சொல்கிறார். இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட டேப்புக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. பொருந்தாதது மட்டுமல்ல, நல்ல டேப்களைக் குப்பைக்கும் கெட்ட டேப்களை நம் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருப்பதும் இதுதான்.

இந்த எண் நம் வாயில் புகுந்த கதையைப் பார்த்தால் பாதி மயக்கம் தெளியும். தேய்ந்த பேட்டரி உள்ள பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்து வைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தச் சர்ச்சைக்குப் பரிகாரமாக 2018 மார்ச்சில் ஐபோன் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற பக்கம் வந்தது. அது நல்ல காரியம்தான். போனையே தூக்கிப் போட இருந்தவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு பிழைத்தார்கள். ஆனால் அது போனுக்காகப் பிறந்த எண். அதை அப்படியே பெயர்த்து டேப்பின் தலையில் கட்டியது சந்தை.

டேப்பில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று யாராவது தேடிப் பார்த்திருக்கிறார்களா? 2024 மே மாதம் வந்த எம்4 ஐபேட் புரோ, எம்2 ஐபேட் ஏர் ஆகியவற்றுக்கு முந்தைய எந்த ஐபேடின் செட்டிங்ஸிலும் அது கிடையாது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் குவித்த ஐபேட் ஒன்றில்கூட அது தெரியாது. கம்ப்யூட்டரில் செருகி, வேறு யாரோ எழுதிய மென்பொருள் கொண்டு எடுத்த எண்தான் விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்.

ஆண்ட்ராய்டு பக்கம் கதை இன்னும் மோசம். பேட்டரி விவரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைத் திறந்தால் ‘ஹெல்த்: குட்’ என்று பச்சையில் வரும். வாங்குபவர் முகமும் பச்சையாகிவிடும். ஆண்ட்ராய்டு அந்த இடத்தில் வைத்திருக்கும் விடைகளைப் பாருங்கள்: நன்று, சூடேறிவிட்டது, செத்துவிட்டது, மின்னழுத்தம் மீறிவிட்டது, குளிர்ந்துவிட்டது, என்னவென்று தெரியாத கோளாறு. தேய்மானம் என்ற பேச்சே அதில் இல்லை. பாதி கொள்ளளவை இழந்த பேட்டரியும் அந்த நிமிடத்தில் கொதிக்காமல் இருந்தால் ‘குட்’ தான். டயல் பண்ணினால் எல்லாம் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த 4636 ரகசிய எண்ணும் பல கருவிகளில் இதே ‘குட்’டைத்தான் காட்டும். வைஃபை மட்டும் உள்ள டேப்பில் எண்ணை அழுத்த டயலரே இருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, சதவீதமே காட்டும் ஆப்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. அவை பேட்டரியைத் திறந்து பார்ப்பதில்லை. சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்னோட்டத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வந்து, எத்தனை சதவீதம் ஏறியது என்பதோடு வகுத்து, முழுக் கொள்ளளவு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கின்றன. கருவிக்குள் இருக்கும் அளவுச் சில்லு செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. அதோடு மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே ஊகங்கள்தான். பெரிய அளவில் இறங்கி ஏறும்போதுதான் ஊகம் திருந்தும். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் டேப்பில் அது திருந்த வாய்ப்பே இல்லை. பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். மலிவு டேப்கள் சிலவற்றில் மின்னோட்டத்தை அளக்கும் ஏற்பாடுகூட இல்லை. மின்னழுத்தத்தை வைத்து ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். 20-லிருந்து 35 வரை ஒரே ஒருமுறை சார்ஜ் போட்டு எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் ஏற்றி இறக்கிப் பேசுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐபோன் பேட்டரியின் ஹெல்த் எண்ணையும், எத்தனை முறை முழுதாக இறங்கி ஏறியது என்று சொல்லும் சைக்கிள் எண்ணையும் மாற்றி எழுதித் தரும் சிறு பெட்டிகள் ரிப்பேர் தொழிலில் சாதாரணமாகப் புழங்குகின்றன. எழுத முடிகிற எண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொள்பவர் ஏமாந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

இப்போது அந்த எண்பதுக்கு வருவோம். 80 என்பது வேதியியல் வகுத்த கோடு அல்ல. பேட்டரித் தொழிலில் ‘இதுவரை எங்கள் பொறுப்பு’ என்று சொல்லப் பயன்படும் வணிகக் கோடு. ஐபேட் பேட்டரி 1,000 முழு சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திய விதி 800 சைக்கிளுக்குப் பிறகு 80 இருக்கவேண்டும் என்கிறது. இரண்டுமே தயாரிப்பவர் கழுத்தில் கட்டிய நிபந்தனைகள். 79-ல் பேட்டரி இறந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் ஓட்டம் சுமார் 10 மணி நேரம். எல்லோரும் கைகழுவும் 78-ல் அது ஏழே முக்கால் மணி நேரம். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி கடற்கரை நிலையம் வரை பாடம் பார்த்துக்கொண்டே போய், இரண்டு வகுப்பில் குறிப்பெடுத்து, திரும்பி வரும்போது ஒரு படமும் பார்க்கும் மாணவனுக்கு அது போதாதா? கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் பேட்டரி 7,040 எம்ஏஎச். அதில் முக்கால் பங்குதான் மிச்சம் என்றாலும் 5,280. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுக்கும் பல போன்களில் இருப்பது 5,000 அளவில்தான். டேப்பின் திரை பெரிது, தின்பதும் கூடுதல் என்பது உண்மை. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் போனில் 75 என்றால் மாலை நாலு மணிக்கே சார்ஜர் தேடவேண்டும். டேப்பில் 75 என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை போடும் சார்ஜை ஒன்றரை நாளில் போடவேண்டும். இதற்காகவா டேப்பை எடைக்குப் போடுவது?

எண்ணை நம்புகிறவர்களிடம் எனக்குள்ள பெரிய சண்டை இதைவிட ஆழமானது. பேட்டரி இரண்டு விதமாக மூப்படைகிறது. ஒன்று, கொள்ளளவு குறைவது. மற்றொன்று, உள்மின்தடை கூடுவது. சதவீத எண் சொல்வது முதலாவதை மட்டும். நம்மை நடுத்தெருவில் நிறுத்துவதோ இரண்டாவது. உள்மின்தடை ஏறிய பேட்டரியில் திடீரென்று சுமை கூடும்போது, உதாரணத்துக்கு வீடியோ காலில் கேமராவும் ஸ்பீக்கரும் வைஃபையும் சேர்ந்து இழுக்கும்போது, மின்னழுத்தம் சரிந்து 25 சதவீதத்திலேயே டேப் பட்டென்று அணைந்துவிடும். சார்ஜரில் செருகினால் மறுபடி 22 காட்டும். ஹெல்த் 88 என்று காட்டிக்கொண்டே இப்படிச் சாகும் டேப்கள் உண்டு. ஹெல்த் 74 என்று காட்டிக்கொண்டு 3 சதவீதம் வரை நேராக இறங்கி ஓடும் டேப்களும் உண்டு. சந்தையில் முதலாவது விலைபோகும், இரண்டாவது தேங்கி நிற்கும்.

சைக்கிள் எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். “அறுபது சைக்கிள்தான் சார், ஆளே தொடல” என்று ஒரு டேப் வந்தால் நான் இரண்டடி தள்ளி நிற்பேன். ஜிஎஸ்டி சாலை நெடுகப் பாருங்கள்: டிபன் கடைகளில், மருந்துக் கடைகளில், ஜூஸ் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் பில் போடும் டேப் நிற்கும். காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை சார்ஜர் அதன் வாயிலேயே இருக்கும். தோசைக்கல் நாலடி தூரத்தில். பேட்டரி இறங்குவதே இல்லை, ஆகவே சைக்கிளும் ஏறுவதில்லை. ஆனால் நூறு சதவீதத்தில், அனல் காற்றில், வருடக்கணக்கில் நிற்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒருநாள் திரை ஓரமாக மெல்ல எழும்பி, இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். உள்ளே பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். சைக்கிள் எண் அப்போதும் அறுபதுதான்.

பேட்டரி யூனிவர்சிட்டி என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பத் தளத்தில் பல ஆண்டுகளாக ஓர் அட்டவணை இருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஓராண்டு சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்ற கணிப்பு. 40 சதவீதச் சார்ஜில், 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால் 96 மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி ஆனால் 40 சதவீதச் சார்ஜில் 85. முழுச் சார்ஜில் 65. கையே படாமல், ஒரே வருடத்தில், நூறு அறுபத்தைந்தாகிவிடுகிறது. 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. மீனம்பாக்கத்தில் மே மாதத்தில் 35-ஐத் தொடாத பிற்பகலைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 தாண்டுவதும் புதிதல்ல. செம்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், இரவு முழுக்க சார்ஜரில் தலையணைமேல் கிடக்கும் டேப்பின் கதியை எந்த ஆப் சொல்லும்? “எப்படி வைத்திருந்தீர்கள்?” என்ற கேள்வியைத்தான் “ஹெல்த் எவ்வளவு?” விழுங்கிவிட்டது.

பீரோவில் தூங்கும் டேப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் மறுபடி திறந்தன. அதுவரை உழைத்த டேப்கள் அன்றே துணிகளுக்கு நடுவே போய்விட்டன, பலவும் சார்ஜ் அடியோடு தீர்ந்த நிலையில். பாதிச் சார்ஜில் அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றி வைத்தால் போதும். காலி பேட்டரியை ஆண்டுக்கணக்கில் விட்டால் செல்லுக்குள் நடக்கும் சிதைவு திரும்பாது. “மாசத்துக்கு ஒரு தடவை பேட்டரியை சுத்தமா இறக்கி ஏத்துங்க” என்ற அறிவுரையையும் இந்த இடத்திலேயே புதைத்துவிடலாம். அது நிக்கல் காட்மியம் காலத்துச் சரக்கு. லித்தியத்தில் அப்படிச் செய்தால் காட்டும் எண் சற்றுத் திருந்தலாம். போன கொள்ளளவு வராது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வெள்ளிச் சந்தை ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார், ஏரில் கட்டிப் பார்ப்பார். டேப்பையும் நடக்கவிடுங்கள்.

முதலில், கண்ணாடி மேசை மேல் டேப்பை மல்லாக்க வைத்து மூலைகளை விரலால் அழுத்துங்கள். ஆடினால், நடுவில் முதுகு உப்பியிருந்தால், திரை ஓரத்தில் இடுக்கு தெரிந்தால், எண் 99 என்றாலும் வேண்டாம். சொந்த டேப்பாக இருந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள்; குத்திப் பார்ப்பது, அழுத்தி மூடுவது எல்லாம் விபரீதத்தில் முடியும். உப்பல் இல்லையென்றால் ஃபிளைட் மோடில் போட்டு, வெளிச்சத்தைப் பாதியில் நிறுத்தி, டவுன்லோடு செய்த படம் ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பத்து மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொன்ன டேப், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இறங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது இறங்கினால் யோசிக்கவேண்டும். அதைவிட முக்கியம், 30-லிருந்து 5 வரை இறங்கும் பாதை. அங்கே கேமராவைத் திறங்கள், வீடியோ கால் போடுங்கள். படிப்படியாக இறங்குகிறதா, 18-லிருந்து குழியில் விழுகிறதா என்று பாருங்கள். உள்மின்தடையின் வண்டவாளம் அங்கேதான் வெளிவரும்.

எண்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு சார்ஜருக்கும் வயருக்கும் நடுவில் செருகும் யூஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டேப்பை அணையும்வரை இறக்கி, அணைத்த நிலையிலேயே முழுதாக ஏற்றுங்கள். மீட்டர் 26 வாட்-மணி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் வெப்பமாகப் போவதைக் கழிக்க 0.85-ஆல் பெருக்கினால் 22. 7,040 எம்ஏஎச் பேட்டரியின் அசல் கொள்ளளவு சுமார் 27 வாட்-மணி. 22-ஐ 27-ஆல் வகுத்தால் 81 சதவீதம் சொச்சம். இதுவும் தோராயம்தான், ஆனால் இந்தத் தோராயத்தை விற்பவர் மாற்றி எழுத முடியாது.

“இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரு எண் இருந்தால் சுலபம்தானே?” என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அலட்சியம் செய்யக்கூடியது அல்ல. சந்தையில் வெயிலில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் படம் ஓட்ட முடியாதுதான். ஆனால் மேசை மேல் வைத்து அழுத்திப் பார்க்க அரை நிமிடம். எங்கே இருந்தது, யார் பயன்படுத்தினார்கள், எப்போதும் சார்ஜரிலா என்று கேட்க ஒரு நிமிடம். கேமராவைத் திறந்து வைத்துச் சதவீதம் எப்படி ஓடுகிறது என்று கவனிக்கப் பத்து நிமிடம். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பத்து நிமிடம் தர மனமில்லாதவர் எண்ணை நம்புவது சுலபத்துக்காக அல்ல, சோம்பலுக்காக.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘டேப் செத்தது’ என்ற முடிவு எங்கிருந்து வருகிறது? “டேப் பேட்டரி எல்லாம் கெடைக்காது சார், இதுக்கு செலவு பண்றதுக்கு புதுசே எடுத்துடுங்க” என்ற கவுண்டர் வாசகத்திலிருந்துதான். சொல்பவர் புது டேப் விற்பவர் என்பதை மறந்துவிடுகிறோம். பெயர்பெற்ற கம்பெனிகளின் டேப்களுக்குப் பெரும்பாலும் பேட்டரி கிடைக்கிறது. ஒட்டு போட்டு ஒட்டியிருப்பதால் திரையைச் சூடாக்கிப் பிரிக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவே. மாற்றும்போது பேட்டரியின் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர முத்திரையும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் எம்ஏஎச் என்று எழுதிய சரக்கு வந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதே இடத்தில் அதே தடிமனில் அவ்வளவு கொள்ளளவு எங்கிருந்து வரும்?

எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனி எண் கூடாது என்கிறேன். ஐரோப்பிய விதி கேட்பதைப் பாருங்கள்: பேட்டரி தயாரான தேதி, முதன்முதலில் பயன்படுத்திய தேதி, முழு சைக்கிள் எண்ணிக்கை, மிஞ்சிய கொள்ளளவு. நான்கையும் பயனர் பார்க்கும்படி கருவியிலேயே தரவேண்டும். நான்கையும் சேர்த்துப் படித்தால் கதை புரிந்துவிடும். ஐந்து வயது, அறுபது சைக்கிள், கொள்ளளவு 70 என்றால் அது கல்லாவில் நின்று வெந்த டேப் என்று யாரும் சொல்லிவிடலாம். இந்தியாவில் இப்படிக் கேட்கும் விதி இல்லை. 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு இணையதளம் தொடங்கியதோடு சரி. பேட்டரி விவரம் காட்டு என்று எந்தக் கம்பெனியையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

தமிழக அரசு நினைத்தால் விதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2024-ல் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவ்வளவு வாங்குகிறவர் கேட்டால் கம்பெனி தராமல் போகுமா? 2011-ல் மத்திய அரசு கொண்டாடி வெளியிட்ட ஆகாஷ் டேப்பை, அதன் 2,100 எம்ஏஎச் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று வாங்கியவர்கள் நொந்துகொண்டார்கள். அந்தப் பாடம் போதும். அடுத்த டெண்டரில் மூன்று வரி சேர்க்கட்டும்: அந்த நான்கு விவரமும் செட்டிங்ஸில் தெரியவேண்டும், எப்போதும் முழுச் சார்ஜில் கிடந்து வேகாமல் சார்ஜ் 80-ல் நிற்கும் வசதி வேண்டும், ஐந்தாண்டுக்கு மாற்று பேட்டரி, விலை முன்கூட்டியே குறித்து, மாவட்டந்தோறும் கிடைக்கவேண்டும்.